கசாயம் குடித்தால் கிளினிக்கில் சொல்லுங்கள்

(நமது சங்கத்தின் கண்டி மாவட்ட மாதர் பிரிவுக் கூட்டத்தில், சுகாதாரக் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)

 

சம்பளம், வீடு, காணி என்று பேசுகிற மேடையில் இன்று நாங்கள் கசாயத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். சங்கத்துக்கும் கசாயத்துக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கக்கூடும். சம்பந்தம் இருக்கிறது. தெல்தோட்டையிலும் கலஹாவிலும் புசல்லாவையிலும் ரங்கலையிலும் மடுல்கலையிலும் நமது தாய்மார்களிடம் விசாரித்துப் பார்த்தால், சீனி வருத்தத்துக்கும் பிரஷருக்கும் முழங்கால் வலிக்கும் ஆஸ்பத்திரி மாத்திரையோடு ஏதோ ஓர் இலையோ வேரோ காயோ சேர்த்துத்தான் எடுக்கிறார்கள். அது தவறு என்று சொல்ல நாங்கள் வரவில்லை. அதை யாருக்கும் சொல்லாமல் எடுப்பதில்தான் ஆபத்து இருக்கிறது. அதைப் பற்றித்தான் பேசப் போகிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். கை வைத்தியம் நமது சொத்து. இந்த மலைகளில் ரோடும் இல்லாமல் டாக்டரும் இல்லாமல் நமது பாட்டிமார் பிள்ளை பெற்றார்கள், பிள்ளை வளர்த்தார்கள். சளிக்குக் கொத்தமல்லியும் இஞ்சியும், காய்ச்சலுக்கு மரமஞ்சள், வயிற்றுக்கு ஓமம், வாய்ப்புண்ணுக்கு வல்லாரை என்று அவர்கள் கையில் இருந்ததைக் கொண்டு சமாளித்தார்கள். கொத்தமல்லித் தண்ணியும் வல்லாரைக் கஞ்சியும் இன்றும் நல்லவைதான். அவற்றை விட்டுவிடுங்கள் என்று யாராவது சொன்னால் நாங்களே எதிர்த்துப் பேசுவோம்.

ஆனால் 'இலைதானே, என்ன செய்துவிடப் போகிறது' என்ற பேச்சை மட்டும் நாம் விட்டுவிட வேண்டும். நோயைக் குணமாக்கும் சக்தி ஒரு இலைக்கு உண்டு என்று நம்புகிறோம். அப்படியானால் அதற்குக் கெடுதல் செய்யும் சக்தியும் உண்டு. சக்தி இருந்தால் இரண்டு பக்கமும் இருக்கும்.

நமது முற்றத்திலேயே உதாரணம் இருக்கிறது. கோயிலுக்குப் பறிக்கிற நித்தியகல்யாணிப் பூவை எல்லோருக்கும் தெரியும். உலகத்தில் பல நாடுகளில் அதன் இலையைச் சீனி வருத்தத்துக்கு அவித்துக் குடித்தார்கள். 1950களில் கனடாவில் அந்த இலையை ஆராய்ந்தவர்கள், அது இரத்தத்தில் வெள்ளை அணுக்களைக் குறைக்கிறது என்று கண்டார்கள். அதிலிருந்துதான் இரத்தப் புற்றுநோய்க்கு ஊசியாகப் போடும் மருந்துகள் வந்தன. பிள்ளைகளின் உயிரைக் காப்பாற்றுகிற அந்த மருந்தை இன்றும் வைத்தியர்கள் மிகவும் அளந்துதான் ஏற்றுகிறார்கள். அதே செடியின் இலையைக் கைப்பிடி கைப்பிடியாகப் பறித்து அவித்தால் எவ்வளவு மருந்து வயிற்றுக்குள் போகிறது என்று யாருக்குத் தெரியும்?

இந்த மலைநாட்டில் தேயிலைக்கு முன்னால் கொய்னா மரம் நட்டார்கள். ஹக்கலையில் 1861இல் தொடங்கியது. லூல்கந்துரவில் முதல் தேயிலைத் தோட்டத்தைப் போட்ட ஜேம்ஸ் டெய்லரும் அதை வளர்த்தார். அதன் பட்டைதான் மலேரியாவுக்கு மருந்து. அளவாக எடுத்தால் காய்ச்சல் நிற்கும். அளவு மிஞ்சினால் காது இரையும், பார்வை மங்கும், இருதயம் தடுமாறும். பட்டை ஒன்றுதான், அளவு மட்டுமே வித்தியாசம்.

கண்டியில் நடந்தது

இப்போது நமது வீட்டுக்குப் பக்கத்தில் நடந்ததைச் சொல்கிறோம். காமரங்கா எல்லோருக்கும் தெரிந்த காய்தான். ஐந்து மூலையாக, குறுக்கே வெட்டினால் நட்சத்திரம் மாதிரி இருக்கும். சீனி வருத்தத்துக்கு அது நல்லது என்று ஊரெல்லாம் ஒரு பேச்சு இருக்கிறது. கண்டிப் பெரியாஸ்பத்திரியின் சிறுநீரகப் பிரிவையும் பேராதனை மருத்துவ பீடத்தையும் சேர்ந்த வைத்தியர்கள் 2015இல் இரண்டு நோயாளிகளைப் பற்றி ஒரு மருத்துவச் சஞ்சிகையில் எழுதினார்கள். ஒருவர் ஆண். காமரங்காவை அதிகமாக உட்கொண்ட பிறகு அவருடைய சிறுநீரகம் திடீரென்று பாதிக்கப்பட்டது. மற்றவர் அறுபது வயதுப் பெண். சீனி வருத்தத்துக்கு மருந்து என்று நினைத்து இரண்டு மூன்று வருடங்களாக அதை எடுத்து வந்தவர். அவருக்கு மெல்ல மெல்லச் சிறுநீரகம் கெட்டிருந்தது. இருவரின் சிறுநீரகத்திலிருந்தும் ஊசியால் சிறு துண்டு எடுத்துப் பார்த்தபோது உள்ளே ஆக்சலேட் என்ற உப்பின் படிகங்கள் படிந்திருந்தன.

அது எப்படி நடக்கிறது? காமரங்காவில் ஆக்சலேட் அதிகம். அது இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்துக்குப் போய், அங்கே கல்சியத்தோடு சேர்ந்து கண்ணாடித் தூள் மாதிரிப் படிகிறது. நல்ல சிறுநீரகம் உள்ளவர் எப்போதாவது ஒரு காயில் இரண்டு துண்டு உப்புத் தொட்டுச் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது. சாறாகப் பிழிந்து குவளை கணக்கில் குடிக்கும்போது, அதுவும் வெறும் வயிற்றில் குடிக்கும்போது, உடம்பில் தண்ணீர் குறைவாக இருக்கும்போது ஆபத்து பல மடங்காகிறது.

தாய்மார்களே, கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். காலையில் பெரட்டுக்கு வெறும் வயிற்றோடு போகிறவர்கள் யார்? மலையில் கக்கூஸ் இல்லை என்பதற்காக நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் வெயிலில் கொழுந்து பறிக்கிறவர்கள் யார்? அந்த உடம்புக்குள் அந்தச் சாறு போனால் என்ன ஆகும்? மலையில் கக்கூஸ் கேட்டு நாம் போராடுவது மானத்துக்காக மட்டும் அல்ல, சிறுநீரகத்துக்காகவும்தான்.

ஏற்கெனவே சிறுநீரகம் பழுதான ஒருவர் காமரங்கா சாப்பிட்டால் இன்னொரு ஆபத்தும் உண்டு. அதிலுள்ள ஒரு நஞ்சு மூளையைத் தாக்குகிறது. பிரேசிலில் விஞ்ஞானிகள் 2013இல் அந்த நஞ்சைப் பிரித்தெடுத்துக் காட்டினார்கள். முதல் அடையாளம் நிற்காத விக்கல். பிறகு தடுமாற்றம், குழப்பம், வலிப்பு. காமரங்கா சாப்பிட்டவருக்கு விக்கல் நிற்காவிட்டால் தண்ணீர் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

காமரங்காவின் தம்பிதான் பிலிங்காய். கேரளத்தில் அதை இரும்பன் புளி என்பார்கள். இரத்தக் கொழுப்பு குறையும் என்று கேள்விப்பட்டு அதைச் சாறாகக் குடித்த 10 பேர் சிறுநீரகம் பாதிக்கப்பட்டு அங்கே ஆஸ்பத்திரிகளில் சேர்ந்தார்கள். அவர்களில் 7 பேருக்கு இயந்திரத்தில் இரத்தம் சுத்திகரிக்க வேண்டி வந்தது. 2013இல் அந்த வைத்தியர்கள் அதை எழுதினார்கள். குழம்பில் புளிக்காகப் போட்ட இரண்டு காய் யாரையும் ஒன்றும் செய்ததில்லை. அதையே மருந்தென்று சாறாகக் குடித்தபோதுதான் வினையாகிவிட்டது.

நம்மில் எத்தனை பேர்?

இது ஓரிருவர் விஷயம் அல்ல. பேராதனை ஆஸ்பத்திரியின் சீனி கிளினிக்குக்கு வந்த 252 பேரிடம் விசாரித்து 2014இல் ஓர் ஆய்வு வெளியானது. அவர்களில் 76 சதவீதமானோர் சீனியைக் குறைக்க மூலிகையும் எடுத்தார்கள். அதாவது நான்கு பேரில் மூன்று பேர். பாகற்காய், கோவை இலை, தெபு இலை போன்றவைதான் அவை. அவற்றுக்குச் சீனியைக் குறைக்கும் குணம் இருக்கிறது. அங்கேதான் கவனம் வேண்டும். மாத்திரையும் குறைக்கிறது, இலையும் குறைக்கிறது. இரண்டும் சேர்ந்து அளவுக்கு மீறிக் குறைத்துவிட்டால், கை நடுங்கி, வேர்த்து, கண் இருண்டு மலையிலேயே விழுந்துவிடுவோம். கவ்வாத்துக் கத்தியோடு செங்குத்தான மலையில் நிற்கிற ஒருவருக்கு அது நடந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. இலை எடுத்ததால் சீனி குறைந்ததை மாத்திரையால் குறைந்தது என்று வைத்தியர் நினைத்துக்கொள்வார். மழைக்காலத்தில் இலை கிடைக்காமல் நிறுத்தியதும் சீனி ஏறும். மாத்திரை போதவில்லை என்று அவர் கூட்டுவார். மறுபடி இலை தளிர்த்ததும் நாம் அவிப்போம். விஷயம் தெரியாமல் அவர் அளக்கிறார், விஷயம் சொல்லாமல் நாம் குடிக்கிறோம்.

அதிமதுரமும் அப்படித்தான். தொண்டைக்கு இரண்டு நாள் சப்பினால் நல்லது. பிரஷர் உள்ளவர் மாதக்கணக்கில் குடித்தால் பிரஷர் ஏறும், உடம்பில் பொட்டாசியம் குறையும். பிரஷருக்கு மாத்திரையை விழுங்கிக்கொண்டே அதை ஏற்றுகிற கசாயத்தையும் குடித்தால் மாத்திரை என்ன செய்யும்?

செடியை மாற்றிப் பறித்தால்

1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தின் தலைநகர் பிரஸ்ஸல்ஸில் உடம்பு மெலிவதற்காக ஒரு கிளினிக்கில் சீன மூலிகை மாத்திரை கொடுத்தார்கள். நூற்றுக்கும் அதிகமான பெண்களுக்குச் சிறுநீரகம் பழுதாகியது. பலருக்குப் பின்னாளில் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. காரணம், ஒரு வேருக்குப் பதிலாக வேறொரு வேர் கலந்துவிட்டதுதான். பெயரும் தோற்றமும் கிட்டத்தட்ட ஒன்று. கலந்த வேர் எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது தெரியுமா? நாம் ஈஸ்வரமூலி என்றும் சிங்களத்தில் சப்சந்த என்றும் சொல்கிற கொடியின் குடும்பம். அந்தக் குடும்பத்துச் செடிகளிலுள்ள அமிலம் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் உறுதிப்படுத்தியிருக்கிறது. நமது பெரியவர்கள் பாம்புக்கடிக்கு என்று அதைத் தேடுவார்கள். பாம்பு கடித்தால் வேர் தேடி ஓட வேண்டாம், அரசாங்க ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். விஷமுறிவு ஊசி அங்கே இலவசம். வேர் அரைக்கிற அரை மணித்தியாலம் ஓர் உயிரின் விலையாகிவிடும்.

காந்தள் கிழங்கும், ஊமத்தை விதையும் நமது பக்கத்திலேயே கிடைக்கின்றன. வற்றாளங்கிழங்கு என்று நினைத்துக் காந்தள் கிழங்கைச் சாப்பிட்டு உயிர் போனவர்கள் இந்த நாட்டில் உண்டு. யாராவது தவறிச் சாப்பிட்டுவிட்டால், மிச்சமிருக்கும் கிழங்கையும் இலையையும் ஒரு பையில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கையோடு கொண்டு போங்கள். எந்தச் செடி என்று தெரிந்தால் வைத்தியருக்குப் பாதி வேலை முடிந்துவிடும்.

செடி சரியாக இருந்தாலும் இடம் சரியாக இருக்க வேண்டும். மலையில் புல்லுக்கு மருந்து அடிக்கிறார்கள். கான் ஓரத்தில் பசேலென்று இருக்கிற வல்லாரை அந்த மருந்தைக் குடித்து வளர்ந்ததாக இருக்கலாம். கழுவினால் எல்லாம் போய்விடாது. மருந்து அடிக்கிற மலையிலும், அந்தத் தண்ணீர் ஓடுகிற கானிலும் கஞ்சிக்கு இலை பறிக்க வேண்டாம். லயத்துப் பின்பக்கம் நாலு பாத்தி போட்டு வல்லாரையையும் பொன்னாங்காணியையும் நாமே வளர்த்துக்கொள்வோம்.

பெயர் இல்லாத பக்கற்

பஸ் நிலையங்களிலும் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையிலும் மூட்டு வலிக்குத் தூள், லேகியம், உருண்டை விற்கிறார்கள். யார் செய்தது, எதில் செய்தது, எப்போது செய்தது என்று ஒன்றும் எழுதியிருக்காது. அமெரிக்காவில் பொஸ்டன் நகரக் கடைகளில் விற்ற 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்து 2004இல் முடிவை வெளியிட்டார்கள். அவற்றில் 14இல் ஈயம், பாதரசம், ஆர்செனிக் ஆகியவற்றில் ஏதோ ஒன்றாவது இருந்தது. பெயரும் லேபலும் உள்ள கடைச் சாமானிலேயே அப்படியென்றால், பெயரே இல்லாத பக்கற்றில் என்ன இருக்கும்? வலிக்கான தூளில் இங்கிலீஷ் மருந்தான ஸ்டீரொயிட் கலந்திருப்பது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. பத்து வருட வலி ஒரே நாளில் பறந்துவிட்டால் சந்தோஷப்படுவதற்கு முன் சந்தேகப்படுங்கள். முகம் வீங்கினால், சீனி திடீரென்று ஏறினால் கட்டாயம் காட்டுங்கள்.

பெரிய இடத்து ஆட்கள் குடித்தார்கள் என்பதும் சான்று ஆகாது. கடுகண்ணாவை இறங்கி மாவனல்லையைத் தாண்டினால் கேகாலை. 2020 டிசம்பரில் அங்கே ஹெட்டிமுல்லையில் கொரோனாவுக்குப் பாணி என்று சொல்லி விநியோகித்தபோது ஆயிரக்கணக்கான சனம் இடைவெளியும் இல்லாமல் முண்டியடித்தது நமக்கு மறந்திருக்காது. தேனும் சாதிக்காயும் கலந்த பாணி. அப்போதைய சுகாதார அமைச்சரே பகிரங்கமாகக் குடித்துக் காட்டினார். 2021 ஜனவரியில் அவருக்கே தொற்று உறுதியானது. தேனும் சாதிக்காயும் யாரையும் கொல்லவில்லை. ஆனால் குடித்துவிட்டோம், இனிப் பயமில்லை என்ற நினைப்பு ஆளைக் கொல்லும்.

பிள்ளைகளும் பிள்ளைத்தாய்ச்சிகளும்

வசம்பைப் பேர்சொல்லா மருந்து என்போம், பிள்ளை வளர்ப்பான் என்போம். அதிலுள்ள ஓர் எண்ணெய்ப் பொருள் எலிகளுக்குப் புற்றுநோய் உண்டாக்கியதால் அமெரிக்கா 1968இல் வசம்பை உணவில் சேர்க்கத் தடை போட்டது. சுட்ட வசம்பைக் கையில் கட்டுவதால் ஒன்றுமில்லை, ஆனால் பால்குடிப் பிள்ளையின் நாக்கில் தடவ வேண்டாம். ஒரு வயதுக்குக் கீழே தேனும் வேண்டாம். கற்பூரம் கலந்த எண்ணெயைப் பிள்ளைக்கு எட்டாமல் வையுங்கள், சிறிதளவு விழுங்கினாலும் வலிப்பு வரும். பிள்ளைத்தாய்ச்சிகள் கிளினிக்கில் கேட்காமல் எந்தக் குடிநீரும் எடுக்க வேண்டாம். மாதவிடாய் தள்ளிப்போனதற்கு என்று யாராவது கொடுக்கிற கசாயத்தைத் தொடவே வேண்டாம்.

இதையெல்லாம் இங்கிலீஷ் வைத்தியத்தின் பேச்சு என்று நினைக்க வேண்டாம். நமது சித்த வைத்தியமே இதைத்தான் சொல்கிறது. சேராங்கொட்டையைச் சுத்தி செய்யாமல் எந்தச் சித்த வைத்தியரும் தொடமாட்டார். குன்றிமணி எடை, வராகனெடை என்று நிறுத்தார்கள். எதோடு குடிக்க வேண்டும், எத்தனை நாள் குடிக்க வேண்டும், என்ன பத்தியம் என்று விதித்தார்கள். மரபு என்றால் அந்த நிறையும் சுத்தியும் பத்தியமும் சேர்ந்துதான். அதை விட்டுவிட்டு இலையை மட்டும் எடுத்துக்கொண்டால் அது மரபு ஆகாது.

இந்த நாட்டில் 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டத்தின் கீழ் வைத்தியர்கள் பதிவு செய்யப்படுகிறார்கள். சித்த வைத்தியத்தை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் திருகோணமலை வளாகத்திலும் படித்துப் பட்டம் பெறுகிறார்கள். நாட்டு வைத்தியம் வேண்டுமென்றால் பதிவுள்ள வைத்தியரிடம் போங்கள். பதிவு இருக்கிறதா என்று கேட்பது மரியாதைக் குறைவு அல்ல, அது நமது உரிமை.

நாம் செய்ய வேண்டியது

கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் வீட்டில் எடுக்கிற எல்லாவற்றையும் எழுதுங்கள். இலையின் பெயர், எவ்வளவு, எத்தனை நாளாக என்பதை எழுதினால் போதும். எழுதத் தெரியாதவர்களுக்குப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை எழுதிக்கொடுக்கட்டும். பெயர் தெரியாவிட்டால் ஒரு கொத்தைப் பையில் கொண்டு போங்கள். வைத்தியர் ஏசுவார் என்று பயப்படாதீர்கள். ஏசினாலும் பரவாயில்லை, சொல்லிவிடுங்கள். ஊசி போட்டுச் சிறுநீரகத்தைப் பார்த்தால் படிகம் தெரியும், ஆனால் அந்தப் படிகம் எந்தக் காயிலிருந்து வந்தது என்பதை நமது வாய்தான் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரி மாத்திரையை யாரையும் கேட்காமல் நிறுத்தவும் வேண்டாம். சிறுநீர் குறைந்தால், கால் வீங்கினால், கண் மஞ்சளித்தால் கசாயத்தை நிறுத்திவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அவசரத்துக்கு 1990 அம்புலன்ஸ் இலவசம்.

இவ்வளவும் நமது பக்கம். இனி மற்றப் பக்கம். ஏன் நமது ஆட்கள் கிளினிக்கை விட்டுவிட்டு இலையைத் தேடுகிறார்கள்? அறியாமை என்று சொல்வது இலகு. கிளினிக்குப் போனால் அன்றைய பேர் போய்விடுகிறது. மலையிலிருந்து ரோட்டுக்கு நடக்க வேண்டும், பஸ்ஸுக்குக் காசு வேண்டும், வரிசையில் அரை நாள் நிற்க வேண்டும். கடைசியில் வைத்தியர் கேட்பது நமக்கு விளங்காது, நாம் சொல்வது அவருக்கு விளங்காது. இரண்டு நிமிடத்தில் மாத்திரைப் பக்கற்றோடு வெளியே வந்துவிடுகிறோம். இந்த நிலையில் பக்கத்து லயத்து அக்கா தமிழில், அன்பாக, காசு வாங்காமல் சொல்கிற இலையை ஒருவர் நம்புவதில் என்ன ஆச்சரியம்?

அதனால்தான் இது சங்கத்தின் விஷயம் என்கிறோம். மாதாந்தக் கிளினிக் நாளுக்குப் பேர் வெட்டக் கூடாது. 1987இன் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழி, ஆகவே கிளினிக்கில் தமிழில் கேட்டுத் தமிழில் விளக்க ஒருவர் இருக்க வேண்டும். தோட்டத்து டிஸ்பென்சரிகள் எல்லாம் தகுதியான வைத்தியரோடு அரசாங்கத்தின் கீழ் வர வேண்டும். மலையில் குடிதண்ணீரும் கக்கூஸும் வேண்டும். இந்த நான்கையும் இந்த வருடம் ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் எழுத்தில் கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். மாதர் தலைவிமார் அடுத்த கூட்டத்துக்கு வரும்போது, உங்கள் டிவிசனில் என்னென்ன இலை, வேர், காய் புழக்கத்தில் இருக்கின்றன என்று ஒரு பட்டியல் கொண்டு வாருங்கள். அதை வைத்தியர்களிடம் காட்டி, எது நல்லது, எது யாருக்குக் கூடாது என்று எழுதி வாங்கி இந்தப் பத்திரிகையிலேயே போடுவோம்.

பாட்டி சொன்னதையும் மறக்க மாட்டோம், டாக்டர் சொல்வதையும் தள்ள மாட்டோம். இருவருக்கும் நடுவில் நமது உடம்பு இருக்கிறது. அதில் என்ன போகிறது என்பதை மறைக்காமல் சொல்வோம், சொல்வதற்குரிய நேரத்தையும் மொழியையும் கேட்டு வாங்குவோம்.